ஐப்பசி மழையும் கத்திரி வெயிலும்: சென்னை மைதானங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்னையில் ஆண்டு முழுவதும் விளையாடவும் ஓடவும் நினைப்பவர்கள் வெயில், புழுக்கம், மழை பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் மைதானத்தையே மூடிவிடுகிறார்கள். சென்னையில் அப்படி ஓய்வுக் காலம் என்று ஒன்று உண்டா? பள்ளி விளையாட்டு விழாவுக்கு எந்த மாதம் சரி?
– உடற்கல்வி ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: இங்கே குளிருக்காக மைதானத்தை மூட வேண்டிய நாளே கிடையாது. ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20, 21 டிகிரிக்குக் கீழே போவதில்லை. நம்மைத் தடுப்பவை இரண்டு: தரையில் தேங்கும் நீர், உடம்பில் காயாத வியர்வை. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் ஊர் இது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்று பெரியவர்கள் சொன்னது சென்னை மைதானங்களுக்கு அப்படியே பொருந்தும்.

பள்ளி விழாவுக்குப் பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை பொருத்தமான காலம். தரை காய்ந்திருக்கும், வெயில் சுடாது, மழை வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கல்வியாண்டுக் கணக்கால் மண்டலப் போட்டிகள் ஜூலை முதல் அக்டோபருக்குள் வந்துவிடுகின்றன. தேதியை மாற்ற முடியாதபோது நிகழ்ச்சி வரிசையையாவது மாற்றுங்கள். 1,500 மீட்டர், 3,000 மீட்டர் போன்றவற்றைக் காலை ஏழரை மணிக்குள் முடியுங்கள். நூறு மீட்டர், குண்டு எறிதல், நீளம் தாண்டுதல் எல்லாம் சில நொடி வேலை. அவற்றை மாலைக்கு வைக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கு 1,500 மீட்டர் ஓட வைப்பது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநியாயம். வேடிக்கை பார்க்கும் மாணவர்களும் வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தல் போடும்போது அவர்களையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ஜனவரி மாரத்தானில் முதன்முறை 21 கி.மீ. ஓடப் பதிவு செய்திருக்கிறேன். ஆகஸ்டில் பயிற்சி தொடங்கினேன். அதிகாலை 5 மணிக்கு ஓடியும் மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. உடம்பு தாங்காதா, இல்லை பருவத்தின் குற்றமா? எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?
– தனியார் நிறுவன ஊழியர், வேளச்சேரி

பதில்: பருவத்தின் குற்றம்தான். ஆகஸ்ட் அதிகாலையில் சென்னையில் 26, 27 டிகிரி வெப்பம், காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். ஓடும்போது உடம்புக்குள் உருவாகும் சூட்டை வெளியேற்றுவது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டித் தரையில் விழும், உடம்பு குளிராது. தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதல் ரத்தத்தை அங்கே அனுப்பும்போது கால் தசைகளுக்குக் கிடைப்பது குறைகிறது. அதனால்தான் பழைய வேகத்திலேயே இதயத் துடிப்பு ஏறி மூச்சு முட்டுகிறது.

கைபேசியில் வானிலை பார்க்கும்போது ஈரப்பதச் சதவீதத்தைவிடப் பனிப்புள்ளியை (ட்யூ பாயிண்ட்: காற்றில் இருக்கும் நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அது நேராகச் சொல்லிவிடும். 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் நன்றாக ஓடலாம். 24-ஐத் தாண்டினால் நேரக் கணக்கு பார்க்காமல், பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் பெரும்பாலான நாட்கள் இந்த இரண்டாம் வகைதான். ஜனவரியில் பனிப்புள்ளி இறங்கும்போது, இப்போது நீங்கள் சேர்த்துவைக்கும் உழைப்பு வேகமாக வெளிப்படும்.

புழுக்கத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். அந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், வியர்வையோடு போகும் உப்பும் குறையும். முதல் வாரம் 20, 30 நிமிடம் மெதுவாக ஓடிவிட்டுப் பிறகு நீட்டுங்கள். ஏ.சி. ஜிம்மில் டிரெட்மில்லில் மட்டும் ஓடுபவர்களுக்கு இந்தப் பழக்கம் வராது. வந்த பழக்கமும் வெளியே ஓடாமல் மூன்று, நான்கு வாரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் பழைய தூரத்தில் நேராக இறங்கக் கூடாது.

தண்ணீர் அளவை எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்ல முடியாது. நீங்களே அளக்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு, உடைகளைக் களைந்து எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். வந்ததும் உடம்பைத் துடைத்து மறுபடி எடை பாருங்கள். 68 கிலோ 66.9 ஆகியிருக்கிறது, வழியில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால், வியர்த்தது 1.6 லிட்டர். (1.1 கிலோ எடைக் குறைவு, குடித்த அரை லிட்டர் இரண்டும் சேர்ந்து.) அத்தனையையும் ஓடும்போதே ஈடு செய்ய வேண்டியதில்லை. எடை இழப்பு 2 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓடிய பிறகு எடை கூடியிருந்தால் அதுதான் ஆபத்து: அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது என்று பொருள். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பும் வேண்டும். மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள்; பாதித் தண்ணீரில் கரைத்தால் வயிறு பிரட்டும். வீட்டில் என்றால் ஒரு லிட்டருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அதை மட்டும் நம்பாதீர்கள். உப்புப் போட்ட நீர்மோர் அந்தக் குறையைத் தீர்க்கும்.

இன்னொன்று: போகிப் பண்டிகை விடியலில் வெளியே ஓட வேண்டாம். குளிர்ந்த, அசைவில்லாத காற்றில் புகை தரையோடு படிந்து நிற்கும். அந்த ஒருநாள் ஓய்வால் உங்கள் பயிற்சிக்கு எந்தக் குறையும் வராது.

கேள்வி: மே மாதக் கிரிக்கெட் முகாமில் 11 வயது மகனைச் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். கத்திரி வெயிலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. முகாமில் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?
– ஒரு தாய், அம்பத்தூர்

பதில்: முதலில் நேரத்தைக் கேளுங்கள். காலை 6 முதல் 8.30, மாலை 4.30-க்குப் பிறகு என்று இருந்தால் சரி. 9 முதல் 12 என்றால் வேறு முகாம் தேடுங்கள்.

சென்னையின் மே மாதம் கடற்காற்றின் கையில் இருக்கிறது. நிலம் சூடேறியதும் நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். பெசன்ட் நகரில் முதலில் தெரியும். அம்பத்தூர், ஆவடிக்கு வந்து சேரத் தாமதமாகும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று உள்ளே நுழையவே பிற்பகலாகிவிடும். நகரம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் அவைதான். 2003 மே 31-இல் 45 டிகிரி பதிவானது. பகல் 11 மணிக்கும் மரக்கிளைகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்து ஆடினால் மேற்குக் காற்று இன்னும் விடவில்லை என்று அர்த்தம். அன்று மாலைப் பயிற்சியை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, தண்ணீர் எப்போது தருகிறார்கள் என்று கேளுங்கள். ‘தாகம் எடுத்தால் குடிக்கலாம்’ என்பது பெரியவர்களுக்குப் பரவாயில்லை. பிள்ளைகள் ஆட்ட மும்முரத்தில் மறந்துவிடுவார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி ஆளுக்கு ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மி.லி. தர வேண்டும். பேடு, ஹெல்மெட், கையுறை அணிந்த பையனின் உடம்பில் காற்றுப் படும் இடம் பாதியாகிவிடுகிறது. வலையில் ஒருவருக்குப் பத்து நிமிட பேட்டிங் போதும். முறை முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி நிழலில் உட்கார வைக்க வேண்டும். முதல் நாளே மைதானத்தை எட்டுச் சுற்று ஓடவிடும் முகாமில் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன பழகும் காலம் பிள்ளைகளுக்கும் உண்டு, அவர்களுக்கு இன்னும் சற்று மெதுவாகத்தான் பழகும்.

பயிற்சியாளர் தெரிந்திருக்க வேண்டியது வெப்பத் தாக்கின் அடையாளம். சோர்வு, தசைப்பிடிப்பு, தலைசுற்றல் என்றால் நிழல், உப்பு சேர்ந்த பானம், ஓய்வு ஆகியவை போதும். ஆனால் பையன் தடுமாறுகிறான், கேட்டதற்கு வேறு பதில் சொல்கிறான், காரணமில்லாமல் கோபப்படுகிறான், மயங்குகிறான் என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். தோல் வறண்டிருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள். விளையாடும்போது வருகிற வகையில் உடம்பு வியர்வையில் நனைந்தேகூட இருக்கும். பேடுகளையும் சட்டையையும் கழற்றுங்கள். தொட்டி இருந்தால் கழுத்து வரை குளிர்ந்த நீரில் உட்கார வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் நிறுத்தாமல் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். குளிர்விப்பதை நிறுத்தி ஆட்டோ தேடி ஓடக் கூடாது, முதல் அரை மணி நேரமே உயிரைக் காப்பது. நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். முகாமில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் ஐஸ் பெட்டியும் இருக்கிறதா என்று சேர்க்கும் அன்றே பாருங்கள்.

கேள்வி: எங்கள் கிளப்புக்குச் சொந்தமாக ஒரு டர்ஃப் விக்கெட் (களிமண்ணும் புல்லும் கொண்ட கிரிக்கெட் பிட்ச்) இருக்கிறது. மழைக்குப் பிறகு பிட்ச் மேலே காய்ந்ததுபோல் இருந்தும் பந்து நின்று வருகிறது. கவர் போட்டுத்தான் வைக்கிறோம். எங்கே தவறு?
– கிளப் செயலாளர், பெரம்பூர்

பதில்: கவர் போட்டதில் தவறில்லை, எடுக்காததில்தான் தவறு இருக்கும். களிமண் தன்னுள் இருக்கும் ஈரத்தைப் பகல் சூட்டில் ஆவியாக்குகிறது. பிளாஸ்டிக் விரிப்பு அதை வெளியே விடாது. இரவில் விரிப்பின் அடிப்பக்கம் நீர் கோத்து மறுபடி பிட்ச்சிலேயே விழும். இதைத்தான் மைதானப் பணியாளர்கள் ‘கவர் வேர்க்குது’ என்கிறார்கள். மூன்று நாள் மூடியே வைத்தால் புல் மஞ்சளாகும், பூஞ்சை பிடிக்கும். நான்காம் நாள் வெயிலில் திறந்ததும் மேல் அரை அங்குலம் ஓடுபோல் காயும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும். பந்து அந்த ஓட்டை அழுத்திக்கொண்டு உள்ளே போய் வேகம் இழந்து எழும். நீங்கள் சொல்லும் ‘நின்று வருவது’ இதுதான்.

முதலில் பிட்ச் மீது சுத்தமான கோணி, அதன் மேல் விரிப்பு என்று போடுங்கள். கோத்த நீரைக் கோணி உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதை மாற்ற வேண்டும். முடிந்தால் விரிப்பைத் தரையில் படுக்க விடாமல் வளைவுக் குழாய்களின் மேல் தாங்குங்கள், காற்றோட்டம் இருக்கும். மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் திறப்பதைப் பழக்கமாக்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் மழை விட்டு விட்டுப் பெய்யும். இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேர வெயில்தான் உங்களுக்குச் சொத்து. திறக்கும்போது விரிப்பில் தேங்கிய நீரை ஸ்கொயர் திசையில், அதாவது பக்கவாட்டில், பிட்ச்சை விட்டுத் தள்ளி வடிய விடுங்கள். பௌலர் ஓடிவரும் பாதையின் கடைசி ஐந்து மீட்டரையும் மூடுங்கள். பிட்ச் நன்றாக இருந்தும் அந்த இடம் சேறானதால் கைவிடப்படும் ஆட்டங்கள் ஏராளம்.

ரோலர் போடும் நேரம் இன்னும் முக்கியம். பிட்ச் ஓரத்தில் ஒரு சிட்டிகை மண்ணை அடியிலிருந்து தோண்டி விரலால் உருட்டுங்கள். விரலில் ஒட்டினால் ரோலரிலும் ஒட்டிப் பெயர்த்துக்கொண்டு வரும், பொறுங்கள். உருண்டையாக நின்று, விரலில் ஒட்டாமல் இருந்தால் அதுதான் நேரம். உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது, எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. முதலில் இலகு ரோலர், பிறகு கனமான ரோலர், மிக மெதுவாக. ஈரத்தோடு கன ரோலர் போட்டால் மேற்பரப்பு மூடிக்கொண்டு அடி ஈரம் உள்ளேயே சிறைப்படும். மரத்தூள் ஓடுபாதைக்கும் அவுட்ஃபீல்டுக்கும் மட்டும். பிட்ச்சில் ஒரு பிடிகூட விழக் கூடாது.

பெரிய மைதானங்களுக்கும் இதே கஷ்டம்தான். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 16-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட். பிட்ச்சைக் காயவைக்கத் தட்டுகளில் கனன்ற கரியைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆட்டம் குறித்த நாளில் தொடங்கியது. கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 அடித்ததும், இந்தியா 759 எடுத்ததும் அந்த ஆடுகளத்தில்தான்.

உங்கள் பிட்ச்சுக்கு ஆண்டு வைத்தியம் செய்ய டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம் சரியான நேரம். மேலே படிந்த பாசியைச் சுரண்டி, தரையைக் கீறி, ஏற்கெனவே இருக்கும் அதே வகைக் களிமண்ணைச் சலித்து அரை சென்டிமீட்டர் கனம் பரப்புங்கள். செம்மண் மேல் கரிசல், கரிசல் மேல் செம்மண் என்று மாற்றிப் போட்டால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி அடுக்காகப் பிரியும். புல்லுக்கு வெளியூர் விதை தேட வேண்டாம், பிட்ச்சுக்கு ஏற்ற பெர்முடா என்பது நம் அருகம்புல்தான்.

கேள்வி: சேப்பாக்கம் என்றாலே ‘பொங்கல் டெஸ்ட்’ என்கிறார்களே. தேதி அப்படி அமைந்ததற்கு வானிலைதான் காரணமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: விடுமுறைக் கூட்டம் ஒரு காரணம், வானிலை மற்றொன்று. மழை ஓய்ந்து, வெயில் ஏறாத நாட்கள் அவை. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட். 1952 பிப்ரவரியில் இங்கேதான் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நரேந்திர ஹிர்வானி அறிமுக ஆட்டத்திலேயே 16 விக்கெட் எடுத்ததும் பொங்கல் வாரத்தில்தான்.

அந்தக் காலத்தை விட்டு விலகியபோது என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 1986 செப்டம்பரில், இரு அணிகளும் சம ஓட்டம் எடுத்து ‘டை’யில் முடிந்த அந்த டெஸ்டில், ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 எடுத்தார். இடையில் மைதானத்திலேயே வாந்தி. ஆட்டமிழந்ததும் மருத்துவமனையில் சேர்த்துச் சலைன் ஏற்றினார்கள். 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 229 இலக்கு, நான்காம் நாள் முடிவில் இந்தியா விக்கெட் இழப்பின்றி 19. ஐந்தாம் நாள் முழுவதையும் மழை கொண்டுபோனது.

கால்பந்துக்கும் இது பொருந்தும். 2015 டிசம்பர் வெள்ளத்தால் சென்னையின் எஃப்.சி. அணி தன் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டியிருந்தது. இந்த ஊரில் நவம்பருக்கு ஒரு பெரிய போட்டியை வைக்கிறவர்கள் மாற்று மைதானத்தையும் சேர்த்தே பதிவு செய்வது நல்லது.

கேள்வி: இரவு ஆட்டங்களில் பனி விழுந்து ஸ்பின்னர்கள் பந்தைப் பிடிக்கவே முடியவில்லை. எங்கள் அணிக்கு என்ன வழி?
– கல்லூரி அணித் தலைவர், தாம்பரம்

பதில்: பனி மேலிருந்து விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல் வேகமாகக் குளிர்கிறது. அதன் மேல் படும் ஈரக்காற்று நீராகிவிடுகிறது. மார்கழி, தையில் இது அதிகம். மேகம் மூடிய இரவிலும், கடற்காற்று விடாமல் வீசும் இரவிலும் குறைவு. ஆகவே டாஸுக்கு முன் வானத்தையும் கொடியையும் பாருங்கள். வானம் தெளிவு, கொடி தொங்குகிறது என்றால் இரண்டாவதாக பேட்டிங் செய்யலாம். ஆட்ட நாளில் அவுட்ஃபீல்டுக்குத் தண்ணீர் விடாதீர்கள், முந்தைய நாள் புல்லை ஒட்ட வெட்டுங்கள், இடைவேளையில் தடித்த கயிற்றை இருவர் இழுத்துப் புல்லின் நீரை உதிருங்கள். ஸ்பின்னர்கள் வாரம் இருமுறை வாளித் தண்ணீரில் நனைத்த பந்தால் பயிற்சி எடுக்கட்டும். விரலால் சுழற்றுவதைவிட வேகத்தையும் நீளத்தையும் மாற்றுவது ஈரப் பந்தில் பலன் தரும்.

கேள்வி: உள்ளரங்கில் ஷட்டில் ஆடுகிறோம். ஒரே பிராண்டு இறகுப் பந்து, மே மாதத்தில் கோட்டைத் தாண்டுகிறது, மழைக் காலத்தில் சீக்கிரம் விழுகிறது. தரமா குறைகிறது?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: தரம் அல்ல, காற்றுதான். சூடான காற்றின் அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடை குறைவு, தூரம் போகும். மழைக் காலத்தில் காற்று சற்றுக் குளிர்ந்திருக்கும், இறகும் ஈரம் வாங்கிக் கனக்கும், விரியும். பந்துகளை அடைத்துவரும் குழாயின் மூடியில் 76, 77, 78 என்று ஓர் எண் இருக்கும். எண் கூடினால் பந்து வேகம். சூடான அரங்குக்கு 76, ஏ.சி. அரங்குக்கு 77 என்று தொடங்கிப் பாருங்கள்.

சோதிக்கும் முறையும் எளிது. கடைசிக் கோட்டின் மேலிருந்து, பக்கக் கோட்டுக்கு இணையாக, மேல்நோக்கி முழு வீச்சில் ஓர் அண்டர்ஆர்ம் அடி. எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 530 மி.மீ. முதல் 990 மி.மீ. உள்ளே விழுந்தால் பந்து சரி. இறகு நுனியை வளைத்து வேகத்தை மாற்றாதீர்கள், பந்து தள்ளாடும்.

ஏ.சி. அரங்கில் கதவைத் திறந்துபோடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். வெளியே இருக்கும் ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த தரைவிரிப்பின் (மேட்) மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படியும். கணுக்கால் சுளுக்கு அங்கிருந்துதான் வருகிறது. உலர்ந்த துடைப்பான் எப்போதும் கோர்ட் ஓரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வாடகை டர்ஃபில் பகலில் பாதிக் கட்டணம். மதியம் ஐவர் கால்பந்து ஆடலாமா?
– வாசகர், போரூர்

பதில்: ஆடாதீர்கள். செயற்கைப் புல் பிளாஸ்டிக், அதனடியில் கருப்பு ரப்பர்த் துகள். நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் சிறிது நேரம் இறங்கும், பிறகு அந்த நீரே ஆவியாகிப் புழுக்கத்தைக் கூட்டும். விழுந்து சறுக்கினால் தோல் வழன்றுபோகும். சென்னை டர்ஃப்களில் இரவு பத்து, பதினொரு மணிக்கும் இடம் கிடைக்காததற்குக் காரணமே இதுதான். ஹாக்கிக்கான நீர்த் தெளிப்பு மைதானம் வேறு வகை: எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆட்டத்துக்கு முன் தெளிக்கும் நீர், பந்து சீராக உருளவும் விழுந்தவர் தோல் கிழியாமல் இருக்கவும்தான்.

கேள்வி: மாலையில் திடீரென இடி. எப்போது ஆட்டத்தை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது?
– அம்பயர், ஆவடி

பதில்: மின்னல் தெரிந்ததிலிருந்து எண்ணுங்கள். 30 நொடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் கழித்தே தொடங்குங்கள். இடையில் ஒருமுறை இடித்தாலும் கணக்கு முதலிலிருந்து. மரத்தடி, தகரக் கொட்டகை, சைட் ஸ்கிரீன் (பௌலருக்குப் பின்னால் எல்லையில் நிற்கும் பெரிய திரை) நிழல் மூன்றும் ஆபத்து. கான்கிரீட் கட்டடத்துக்குள் அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள் போகச் சொல்லுங்கள். ‘தாமினி’ செயலி சுற்றுவட்டார மின்னலை முன்கூட்டிக் காட்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இடிமழை பெரும்பாலும் மாலை நான்கு மணிக்கு மேல்தான். காலை ஒன்பதுக்கே தொடங்கி, உணவு இடைவேளையைச் சுருக்கினால் பல ஆட்டங்கள் முடிவு காணும்.

கேள்வி: கோவளத்தில் அலைச்சறுக்கு கற்க எந்த மாதம் நல்லது? மழைக் காலத்தில் அலை பெரிதாக இருக்குமே?
– கல்லூரி மாணவி, சோழிங்கநல்லூர்

பதில்: பெரிதாக இருப்பது வேறு, ஏற உதவுவது வேறு. மே முதல் செப்டம்பர் வரை தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து நீண்ட, ஒழுங்கான அலைகள் வருகின்றன. காலையில் நிலத்திலிருந்து வீசும் மேற்குக் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும், மடியத் தாமதமாகும். நண்பகலில் கடற்காற்று தொடங்கியதும் அலை குழம்பிவிடும். ஆகவே ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதுக்குள் கரையேறுங்கள். மாமல்லபுரத்தில் 2023-லும் 2025-லும் சர்வதேசப் போட்டிகளை ஆகஸ்டில் வைத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு அலை அடங்கிய பிப்ரவரி, மார்ச் இன்னும் எளிது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அலைகள் காற்றால் நொறுங்கியிருக்கும், புயல் சின்னம் எப்போது வேண்டுமானாலும் உருவாகும். கனமழைக்குப் பிறகு முகத்துவாரங்கள் திறந்து கழிவும் மரக்கட்டைகளும் கடலுக்கு வரும். குறைந்தது மூன்று நாள் இறங்காதீர்கள். கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் இழுக்கும். ஜூலையில் நீங்கள் ஆட நினைக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே இறங்கினால், அதை எதிர்த்துக் கை வலிக்கத் துழாவ வேண்டியிருக்காது. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் பலகையை விடாதீர்கள். கரைக்கு நேராகப் போராடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வாருங்கள். மீனவர்கள் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்றால் இறங்க வேண்டாம்.

கேள்வி: மழைக் காலத்தில் ஷூ காயவே மாட்டேன் என்கிறது. தொடை இடுக்கில் படர்தாமரை வேறு. விளையாட்டை நிறுத்த வேண்டுமா?
– கால்பந்து வீரர், வியாசர்பாடி

பதில்: நிறுத்த வேண்டாம். இரண்டு ஜோடி ஷூ வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். உள்தகட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் பெயரும். ஆட்டம் முடிந்ததும் ஈர உள்ளாடையோடு பைக்கில் வீட்டுக்கு வராமல் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். படர்தாமரைக்குக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கி, நோய் உள்ளே பரவும். தோல் மருத்துவர் தரும் பூஞ்சை மருந்தை, தடம் மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை போடுங்கள். துண்டு, ஜெர்சி, ஷின் பேட் யாருடனும் பகிர வேண்டாம்.

மைதானத்தில் கால் வைத்ததும் ஷூ தடத்தில் நீர் ஊறினால் அன்று ஆட்டம் வேண்டாம். நீங்கள் உழுதுவிடும் புல் திரும்ப வளர ஜனவரி ஆகும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் பரவுவது அந்த வழியாகத்தான். சேற்றில் ஆடிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், ‘தேங்கிய தண்ணீரில் விளையாடினேன்’ என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.